விருந்தாளிக்காக அடித்த பெயிண்ட்

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. பெருமை பேசத்தான் வரும். பொய்யாக இருந்தால் ரெண்டு கேள்வி கேட்டுப் பிடித்துவிடலாம். பெருமையை எங்கே போய்ப் பிடிப்பது? அதைக் கட்டிக்கொண்டு மாரடித்தே எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது.

அவர் பெயிண்டர். தெருவே அவரைக் 'கலர் அண்ணன்' என்று கூப்பிடும். சுவரும் கூரையும் சேருகிற ஓரத்தில், டேப் ஒட்டாமல், வெறும் பிரஷ்ஷை வைத்துக் கோடு இழுப்பார். அப்படியொரு நேர்க்கோடு. வேலை முடிந்ததும் வீட்டுச் சொந்தக்காரர் பணம் கொடுக்கிறாரோ இல்லையோ, அந்தக் கோட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் இவர் கிளம்புவார்.

போன வருஷம் ஏணியிலிருந்து விழுந்தார். வலது தோள். இனி அந்தக் கை தோளுக்கு மேல் எழும்பாது, அறுவை செய்தாலும் பயனில்லை என்று டாக்டர் சொன்னபோது கூட இருந்தவள் நான் ஒருத்திதான். வெளியே வந்ததும், "பாப்பாகிட்ட சொல்லாதே" என்றார். பாப்பா எங்கள் ஒரே மகள். அவளிடமும் தெருவிடமும் 'ரெண்டு மாசத்துல சரியாயிடும்' என்றுதான் பேச்சு. அந்த ரெண்டு மாதம் முடிவேனா என்று நீண்டுகொண்டே போனது. நான் சலவைக் கடையில் இஸ்திரி போட்டு வாங்குகிற சம்பளத்தில் வாடகையும் சாப்பாடும் ஓடியது. ஓடியது என்று சொல்வதே அதிகம், நொண்டியது.

இதற்கு நடுவில் பாப்பாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. புள்ளியியல் படிப்பு. கட்டணத்தைப் பார்த்ததும் எனக்குக் கண்ணைக் கட்டியது. ஆனால் எங்களைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் முழுவதையும் அவர்களே ஏற்றுக்கொண்டு, தங்கிப் படிக்க மாதாமாதம் செலவுக்கும் கொடுக்கிற திட்டம் ஒன்று இருந்தது. பாப்பாவே எல்லாம் விசாரித்து விண்ணப்பித்தாள். அப்பாவுக்குத் தோளில் அடி, இப்போது வேலையில்லை என்று எழுதினாள். டாக்டர் சீட்டை இணைக்க இவர் விடவில்லை. "தற்காலிக வலிக்கு எதுக்குச் சீட்டு?" என்று மழுப்பிவிட்டார். மாணவர் உதவி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்து நிலைமையைப் பார்ப்பார் என்று பதில் வந்தது.

அவ்வளவுதான், மனிதர் பரபரத்துவிட்டார்.

"சுவரைப் பாரு, எப்படி இருக்கு! ஒரு பெயிண்டர் வீடா இது?"

"ஏங்க, அவங்க நம்ம கஷ்டத்தைப் பார்க்கத்தானே வர்றாங்க?"

"கஷ்டத்தைப் பார்க்க வர்றவங்களும் விருந்தாளிதானே? நம்ம வீட்டுக்கு வர்ற பொம்பளைப் பிள்ளையை அழுக்குச் சுவத்துக்கு நடுவுலயா உட்கார வைப்பே?"

பழைய வேலைகளில் மிஞ்சிய பெயிண்ட் டப்பாக்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தன. அன்று எனக்கு விடுமுறை நாள், பாப்பா வெளியே போயிருந்தாள். கலவையை அவர் இடது கையால் கலக்கினார். பிரஷ் என் கையில். அவர் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் பண்ணினார்.

"இழு... இழு... கையை நிறுத்தாதே... அடடா, நிறுத்திட்டியே!"

"ரொம்பப் பேசினீங்கன்னா இந்தப் பிரஷ்ஷை உங்க மூஞ்சில வச்சு இழுத்துடுவேன்!"

சுவர் பளிச்சென்று வந்தது. கூரையோரக் கோடுதான் புழு நெளிந்த மாதிரி ஆகிவிட்டது. இவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிறகு மாடி வீட்டு அக்காவிடமிருந்து நாலு மெத்தை நாற்காலி, கண்ணாடி மேஜை, திரைச்சீலை எல்லாம் இரவல் வந்தன. பாப்பா திரும்பி வந்து வாசலிலேயே நின்று சுற்றிலும் பார்த்தாள். "எப்படிடா இருக்கு? அப்பா அடிச்சது!" என்றார். அவள் கூரையை ஒரு தடவை பார்த்தாள். "சூப்பர்ப்பா" என்றாள்.

மறுநாள் வந்த அலுவலகப் பெண்ணுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். தன்மையாகப் பேசினாள். மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி மேஜையில் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "கை இப்போ எப்படி இருக்கு சார்?" என்று கேட்டாள்.

யாரோ ஒருவர் அவரை சார் என்று கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"கைக்கு என்னம்மா? சும்மா லேசான வலி. இந்த ரூமே நேத்து நான் அடிச்சதுதான்! சுவத்தைத் தொட்டுப் பாருங்க, வழவழன்னு இருக்கும்."

அந்நியர் முன்னால் புருஷனைப் பொய்யனாக்க எனக்கு மனசு வரவில்லை. பாப்பாவைப் பார்த்தேன். குனிந்து தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவரோ விடாமல், தான் அடித்த பெரிய பெரிய கட்டடங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினைந்து நாளில் பதில் வந்தது. தந்தை தொழில் செய்யும் நிலையில் இருக்கிறார், வீட்டில் போதிய வசதி இருக்கிறது, ஆகவே உதவி இல்லை. மாதக் கடைசிக்குள் கட்டணம் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

நான் ஆடித் தீர்த்தேன். "உங்க வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருந்தா எம் பொண்ணு படிச்சிருப்பாளே! நாற்காலி கேட்டுச்சா உங்களுக்கு, நாற்காலி!" என்று கத்தினேன். வாய் வலித்ததுதான் மிச்சம். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பாப்பாதான் என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

"விடும்மா. ஒரு வருஷம் வேலைக்குப் போறேன். உங்க சலவைக் கடையில ஆள் கேட்டாங்கன்னு சொன்னியே?"

கதவுக்கு வெளியே இருந்த மனிதர் காதில் அது விழுந்துவிட்டது. காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது, "அந்தப் பொண்ணை இன்னொரு தடவை வரச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். "மாடிக்குப் போகாதே. எதுவும் வாங்காதே."

மதிய இடைவேளையில் அலுவலகத்துக்கு ஓடினேன். மறுபரிசீலனை கேட்கலாம், ஆனால் அப்பாவே நேரில் பேச வேண்டும் என்றார்கள்.

அலுவலகப் பெண் மறுபடி வந்தாள். இப்போது அறையில் ஒரு முக்காலியும் ஒரு கட்டிலும்தான். "உட்காருங்கம்மா" என்று முக்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள், இவர் நின்றார். வந்தவருக்கு இன்னும் என்ன கொடுப்பது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"போன தடவை இருந்த நாற்காலியெல்லாம் இரவல்மா. சுவத்தை அடிச்சது நான் இல்லை, இவ. நான் அடிச்சேன்னு சொன்னது..." என்று நிறுத்தினார். "சும்மா பெருமைக்குச் சொன்னது."

டாக்டர் சீட்டை நீட்டினார். பிறகு, யாரும் கேட்காமலேயே, வலது கையைத் தூக்கினார். நெஞ்சு வரை வந்தது. அங்கே நின்றது. முகம் கோணியது, அதற்கு மேல் வரவில்லை.

"இவ்வளவுதான் போகும். இனிமேலும் இவ்வளவுதான்." அதைச் சொல்லும்போது அவர் அலுவலகப் பெண்ணைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். "பாப்பா, சரியாயிடும்னு உன்கிட்ட சொன்னது பொய்டா. உன்னைப் படிக்க வைக்க அப்பாகிட்ட ஒண்ணும் இல்லை."

"தெரியும்ப்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

அவள் கூரையோரத்தைக் காட்டினாள். "அந்தக் கோட்டைப் பாருங்க. நீங்க அடிச்சிருந்தா அப்படியா இருக்கும்? அன்னைக்கு வாசல்ல நின்னு பார்த்தப்பவே தெரிஞ்சிடுச்சு, உங்களால இனிமே முடியாதுன்னு."

அலுவலகப் பெண் பேனாவை நிறுத்தினாள். "அப்போ போன தடவை நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேம்மா? உனக்குத்தானே நஷ்டம்?"

பாப்பா சற்று யோசித்தாள். "அப்பா சந்தோஷமாப் பேசிட்டு இருந்தாரு மேடம். ரொம்ப நாளைக்கு அப்புறம்."

இவர் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இந்தப் பெண் தன் படிப்பையே தூக்கிக் கொடுத்துவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், நானோ அவளுக்கும் சேர்த்து இத்தனை நாள் கத்தியிருக்கிறேன். "நல்லா வந்து வாய்ச்சீங்க எனக்கு, அப்பனும் மகளும்!" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

உதவி கிடைத்தது. கட்டணம் முழுவதும், மாதச் செலவும். பாப்பா விடுதிக்குப் போன மறுநாள் மாடி வீட்டு அக்கா வாசலில் நின்று, "கலர் அண்ணே, அவ்வளவு பணத்தை எப்படிப் புரட்டினீங்க?" என்று கேட்டாள். எனக்குப் பக்கென்றது.

"நான் எங்கம்மா புரட்டினேன்? என்னால முடியலை. யுனிவர்சிட்டியே கொடுக்குது" என்றார், சாதாரணமாக.

அக்கா உள்ளே எட்டிப் பார்த்துக் கூரையைக் காட்டினாள். "கோடு மட்டும் கோணலா இருக்கே. வேற ஆளை வச்சாவது சரி பண்ணக் கூடாதா?"

"அதைத் தொடக் கூடாது" என்றார். "அதைப் பார்த்துத்தான் என் பொண்ணு என்னைக் கண்டுபிடிச்சா."

அதையும் பெருமையாகத்தான் சொன்னார். பேசிவிட்டுப் போகட்டும் என்று நான் உள்ளே போய்விட்டேன்.