மேல்மாடி வகுப்புகள்

அனலாய் வீசும் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் மேல்மாடியில் படிப்பிப்பது தண்டனைதான். நிந்தவூரில் அந்தப் பாடசாலைக்கு மாடிக் கட்டடம் திறந்த அன்று எல்லாரும் கைதட்டினார்கள். முஸ்பிறா டீச்சரும் தட்டினாள். கூரைக்குத் தகடு போட்டவர்கள் அதன் கீழே சீலிங் அடிக்காமல் போய்விட்டதை அன்றைக்கு ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

இடைவேளைக்கு முன்னரே தகடு காய்ந்துவிடும். அதன் கீழே தரம் நான்குப் பிள்ளைகள் வாயைத் திறந்து மூச்சு வாங்குவார்கள். எழுதும் கை கொப்பியில் ஒட்டும். இருந்த ஒரேயொரு மின்விசிறியும் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி இறைத்தது.

அன்று ஒரு பிள்ளை சத்தி எடுத்ததும் முஸ்பிறா பொறுக்கவில்லை. வகுப்பையே இறக்கிக் கொண்டுபோய்க் கிணற்றடி வாகை மரத்தின் கீழ் இருத்தினாள். கரும்பலகை இல்லாமலே வாய்ப்பாடு நடந்தது. கொஞ்ச நேரத்தில் அதிபர் மஜீட் விறுவிறுவென்று வந்தார்.

“டீச்சர், வெயில் காலத்தில புள்ளயள வெளிய விடப்படாதெண்டு கல்வி வலயத்தால சுற்றுநிருபம் வந்திரிக்கி. பாக்கல்லியா?”

“பாத்தன் சேர். உள்ளுக்கதான் கூடச் சூடு. ஒருக்கா மேல வந்து இருந்து பாருங்களன்.”

“எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறீங்களா? வெளிய வெச்சி ஒரு புள்ளைக்கு ஏதும் நடந்தா நான்தான் பதில் சொல்லணும்.”

“மேல நடந்தா?”

“கூட்டிட்டுப் போங்க டீச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டு மஜீட் திரும்பினார். பிள்ளைகள் எழும்பி நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முஸ்பிறா அவர்களை மறுபடி படியேற்றினாள்.

கீழ்த்தளத்தில் ஒரு பெரிய அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்மார்ட் வகுப்பறை என்று பெயர். திரையும் கணினிகளும் பழுதாகிவிடும் என்று அதைக் குளிராக வைத்திருந்தார்கள். வலயத்திலிருந்து ஆட்கள் வந்தால் திறப்பார்கள். மற்ற நாட்களில் பூட்டு.

“மெஷினுகளுக்குச் சூடு ஒத்துக்கொள்ளாதாம்” என்றாள் முஸ்பிறா, பக்கத்து வகுப்பு ஸம்றா டீச்சரிடம். ஸம்றா வயிற்றுப் பிள்ளைக்காரி. கீழே ஒரு வகுப்புத் தரும்படி கேட்டிருந்தாள். தவணை முடியட்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

“அப்ப நாமளும் மெஷினாப் பிறந்திருக்கலாம்” என்று ஸம்றா சிரித்தாள். அவளுடைய அபாயாவின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து, பாடசாலை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்து வகுப்பிலிருந்து பிள்ளைகள் குழறிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஸம்றா மேசைக்கும் சுவருக்கும் இடையில் விழுந்து கிடந்தாள். முகம் சிவந்து, தோல் கொதித்தது. நாலைந்து டீச்சர்மார் சேர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள்.

“ஸ்மார்ட் ரூமத் திறங்க!” என்று முஸ்பிறா கத்தினாள்.

“திறப்பு பொறுப்பான சேர்ட்ட. அவர் இண்டைக்கு லீவு” என்றார் யாரோ.

முஸ்பிறா அதிபரின் பக்கம் திரும்பினாள். “சேர், உங்கட மேசை லாச்சியில இன்னொண்டு இரிக்கிதானே!”

மஜீட் ஒரு கணம் தயங்கினார். அந்த ஒரு கணத்தை முஸ்பிறா பார்த்துவிட்டாள். பிறகு அவரே ஓடிப்போய்த் திறப்புச் சாவியை எடுத்துவந்து கதவைத் திறந்தார். ஸம்றாவைக் குளிரான தரையில் கிடத்தி, ஈரத் துணியால் கழுத்தையும் கையையும் துடைத்தார்கள். அம்புலன்ஸ் வரும்போது கண்ணைத் திறந்து, “புள்ள?” என்றாள்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவளுடைய கணவர் அஷ்ரப் போனில் அழைத்துச் சொன்னார். “அல்ஹம்துலில்லாஹ், துடிப்பு நல்லா இரிக்காம். ஆனா கொஞ்ச நாளைக்கு ஆஸ்பத்திரியிலதான்.”

மறுநாள் காலை முஸ்பிறா மாடி ஏறவில்லை. கீழ் விறாந்தையில் பாயை விரித்துப் பிள்ளைகளை இருத்தினாள். அதிபர் வந்ததும் எழும்பி நின்றாள்.

“நான் ஏறமாட்டன் சேர். எனக்கு எதிரா என்ன எழுதணுமோ எழுதுங்க.”

படியடியில் நின்ற மற்ற டீச்சர்மாரும் அசையவில்லை. அவர்களுடைய வகுப்புகளும் பின்னால் வரிசையாக நின்றன. மஜீட் எல்லாரையும் பார்த்தார். இரவு நித்திரை கொள்ளாத முகம் அவருடையது. பிறகு போய் ஸ்மார்ட் அறையைத் திறந்து, சின்ன வகுப்புகளை உள்ளே விடச் சொன்னார்.

டீச்சர் விழுந்த கதை கேள்விப்பட்டு மத்தியானம் வலயத்திலிருந்து ஸைனுலாப்தீன் என்ற அதிகாரி வந்தார். கணினிகளுக்கு இடையில் பிள்ளைகள் சம்மணம் போட்டிருப்பதைக் கண்டதும் முகம் மாறியது.

“என்ன மஜீட் இது? இந்தச் சாமானுகளுக்கு ஏதும் நடந்தா?”

“வாங்க சேர், மேல இருந்து பேசுவம்” என்றார் மஜீட்.

அவரை ஸம்றாவின் வகுப்பில் இருத்தி, எதிரே தானும் இருந்தார். முஸ்பிறா கதவோரம் நின்றாள். அதிகாரி பேசத் தொடங்கிச் சிறிது நேரத்தில் கைலேஞ்சியை எடுத்து முகம் துடைத்தார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

“சூடுதான்” என்று எழும்பினார். “சீலிங்குக்கு ஒரு மதிப்பீடு அனுப்புங்க. அடுத்த வருஷ ஒதுக்கீட்டில பாப்பம்.”

“கச்சான் இப்பதானே சேர் அடிக்கிது” என்றாள் முஸ்பிறா.

“எனக்கு விளங்குது டீச்சர். என்னால வேற என்ன செய்யேலும்?”

“மழை வரைக்கும் ஒருவரும் மேல ஏறப்படாதெண்டு சொல்லுங்க.”

அவர் யோசித்தார். “கீழ வெச்சிக்கங்க. ஆனா எழுத்தில கேக்காதீங்க.” படியில் இறங்கும்போது அவருடைய சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

அன்று பின்னேரம் முஸ்பிறா ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸம்றா தலையணையில் சாய்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“சீலிங் அடிக்கிறாங்களாமா?”

“பாப்பமாம்.”

“அது எல்லாரும் சொல்றதானே” என்று ஸம்றா முகத்தைத் திருப்பினாள். “மேல விழுந்தது நான்தான் முஸ்பிறா. இனி அடுத்த கச்சானுக்கு ஆரு விழணும்?”

பஸ்ஸில் திரும்பும்போது முஸ்பிறாவுக்கு ஆத்திரம் ஆறவேயில்லை. எல்லாருக்கும் விளங்குகிறது, எல்லாரும் சூடுதான் என்கிறார்கள், அதற்குப் பிறகு ஒன்றும் நடப்பதில்லை. வீட்டுக்கு இறங்கும் இடத்தைத் தாண்டிப் போய், பாடசாலை அபிவிருத்திக் குழுச் செயலாளர் பளீலின் வாசலில் நின்று சலாம் சொன்னாள்.

“என்ன டீச்சர், இந்த நேரத்தில?”

“பெற்றோர் கூட்டமொண்டு வைக்கணும். கீழ இல்ல, மேல்மாடியில. பகல் நேரத்தில வைக்கணும்.”