சுல்தான் தோற்ற ஞாயிற்றுக்கிழமை

புனிதமலர் இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய கணவன் விக்னராஜா அவளைத் தன்னுடைய றெஸ்லிங் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனான். இண்டைக்கு நான்தான் வெல்லப் போறன் என்று தேத்தண்ணி குடிக்கும்போதே சொல்லிவிட்டான். ஐந்து வருசமாக ஒரு தரமும் வெல்லாதவன். மனைவி ஊரிலிருந்து வந்திருக்கிறாள் என்பதற்காகப் பயிற்சியாளர் கார்மெலோ இந்த முறை அவனை வெல்ல விடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

வெல்ல விடுவது என்றால் என்னவென்று அவளுக்கு விளங்கவில்லை. ஆர் வெல்லுவது என்று முன்னமே பேசிவைத்தால் பிறகு எதற்கு அடிபட வேணும் என்று கேட்டாள். அவன் சிரித்துவிட்டு, வந்து பார் என்றான்.

அவர்களுக்குக் கலியாணம் நடந்து ஆறாம் மாதம் அவன் இத்தாலிக்கு வெளிக்கிட்டவன். அது 2006இல், யுத்தம் திரும்பத் தொடங்கி வன்னிப் பாதை பூட்டுவதற்குக் கொஞ்சம் முன்பு. ஒரு வருசத்துக்குள் கூப்பிடுவதாகத்தான் கதை. பிறகு நடந்த எல்லாவற்றையும் அவள் அவன் இல்லாமல்தான் கடந்தாள். புதுக்குடியிருப்பிலிருந்து மாத்தளன், மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால், அதன்பிறகு செட்டிகுளம் முகாம். அவனுடைய தாயைப் பதுங்குகுழிக்குப் பக்கத்திலேயே புதைத்ததும் அவள்தான். முகாமை விட்டு வெளியே வந்தபிறகும் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி, விசா என்று வருசங்கள் போயின. கடைசியில் விமான நிலையத்தில் அவனைக் கண்டபோது முதலில் அவள் கண்ணில் பட்டது அவனுடைய கழுத்து. முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு தடித்திருந்தது. ஆள் மாறிப் போனானோ என்று ஒரு கணம் தயங்கித்தான் கிட்டப் போனாள்.

றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவுகிறேன், மிச்ச நேரம் விளையாட்டு என்றுதான் அவன் போனில் சொல்லியிருந்தான். கரப்பந்தாட்டமாக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். உண்மையில் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், பழைய கராஜ் ஒன்றில் கார்மெலோ நடத்திய றெஸ்லிங் பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கப் போனவன் அவன். தூக்கி எறிந்து பழக ஒரு நாள் ஆள் போதாமல், தும்புத்தடியோடு நின்றவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதோடு அங்கேயே நின்றுவிட்டான். அங்கே பழகுகிற எல்லாருக்கும் இருந்தது ஒரே எண்ணம்தான். வெளிநாட்டுப் பெரிய கம்பனிக்காரர் எப்போதாவது வந்து பார்ப்பார்கள், பிடித்தவனை இங்கிலாந்துக்கு எடுத்துப் போய்ப் பயிற்சி கொடுத்து ரீவியில் காட்டுவார்கள். நான் எடுபட்டால் நாங்கள் ரெண்டு பேரும் லண்டனுக்குப் போகலாம், அங்கை எங்கடை சனம் இருக்கு என்று அவனும் போனில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான்.

அன்றைக்குக் காட்சி ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடற்கரைக்குப் பக்கத்துத் திடலில். கூட செலஸ்ரீனாவும் வந்தாள். மன்னார்க்காரி. அவர்கள் இருந்த வீட்டிலேயே மற்ற அறையில் குடியிருந்து, லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்கிறவள். புனிதமலருக்கும் அந்தப் பக்கம் ஒரு வீட்டில் வேலை சொல்லிவைத்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது, எல்லாம் பொய்யடி பிள்ளை, பயப்பிடாதை என்று இரண்டு மூன்று தரம் சொன்னாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. கடைகளில் மீன் பொரிக்கிற மணம் வந்தது. விக்னராஜா காலையிலேயே லொறியில் போய், மற்றவர்களோடு சேர்ந்து சண்டை மேடையான றிங்கைப் பூட்டி முடித்திருந்தான். பிளாஸ்ரிக் கதிரைகளில் சனம் வந்து இருந்தது. தகப்பன்மார், தாய்மார், கையில் ஐஸ்கிறீம் வைத்திருந்த பிள்ளைகள். முன்வரிசையில் தனியாக, கறுத்த தொப்பி போட்ட, அந்த ஊர்க்காரர் போலில்லாத வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். அவரைக் கண்டதும் பெடியன்கள் எல்லாரும் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொண்டார்கள். கம்பனி ஆள் என்று செலஸ்ரீனா யாரிடமோ கேட்டுச் சொன்னாள். முன்னறிவித்தல் இல்லாமல் வந்திருக்கிறாராம்.

கொஞ்ச நேரத்தில் லொறிக்குப் பின்னால் கார்மெலோ விக்னராஜாவின் தோளில் கைபோட்டுக் கதைப்பதைப் புனிதமலர் கண்டாள். கார்மெலோ நெடுநேரம் கதைத்தார். விக்னராஜா இரண்டு தரம் தலையாட்டினான். பிறகு தன் காலணிக் கயிற்றைக் குனிந்து கட்டத் தொடங்கினான். கட்டி முடித்தபிறகும் நிமிரவில்லை.

முதல் இரண்டு ஆட்டங்களும் பிள்ளைகள் விளையாடுவது போலிருந்தன. ஒருத்தன் அடித்த அடி மற்றவனின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தான். இன்னொருத்தன் அடுத்து என்ன செய்வதென்று மறந்துபோய் நின்றான். மற்றவன் அவன் தலைமயிரைப் பிடித்து இழுப்பது போலக் காதுக்குள் ஏதோ சொன்னான். உதடு அசைவது புனிதமலருக்கு வடிவாகத் தெரிந்தது. சனத்துக்கும் தெரிந்திருக்கும். அவர்கள் கை தட்டினார்கள். அவர்களுடைய சொந்தப் பிள்ளைகள், பக்கத்துத் தெருப் பெடியன்கள்தானே.

மூன்றாவதாக விக்னராஜா வந்தான். சிவப்புத் துணியில் தலைப்பாகை, தங்க நிறச் சால்வை, கண்ணைச் சுற்றி மை. ஒலிபெருக்கியில் சுல்தான் என்று கத்தினார்கள். ஊரில் கோயில் திருவிழாவுக்குக் கூடத் தலைப்பாகை கட்டாத மனிசன். அவன் றிங்கைச் சுற்றி நடந்து, சனத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்து, கையை ஓங்கினான். சனம் ஒரே குரலில் கத்தத் தொடங்கியது. ஒரு சின்னப் பெண்பிள்ளை எழும்பிக் கதிரையில் நின்று கத்தினாள். தாய் அவள் விழாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தானும் சேர்ந்து கத்தினாள்.

என்ன சொல்லுகினம் என்று புனிதமலர் கேட்டாள்.

"நல்லாச் செய் எண்டு சொல்லினம்" என்றாள் செலஸ்ரீனா, முகத்தைத் திருப்பாமல்.

"அக்கா, எனக்குப் பாஷைதான் தெரியாது."

செலஸ்ரீனா இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினாள். பிறகு, உன்ரை நாட்டுக்குப் போ எண்டு கத்தினம், அது அவன்ரை வேசத்துக்குச் சொல்லுறது, அவனுக்கில்லை என்றாள்.

எதிராளி தாவிதே, இறைச்சிக்கடைக்காரரின் மகன். இருபது வயதிருக்கும். சிரித்தால் சனம் முழுக்கச் சேர்ந்து சிரிக்கிற முகம். ஆட்டம் தொடங்கின கொஞ்ச நேரத்திலேயே, முன்பு வந்தவர்களுக்கும் விக்னராஜாவுக்கும் உள்ள வித்தியாசம் புனிதமலருக்குப் புரிந்துவிட்டது. தாவிதேயின் அடியில் பலமே இல்லை. ஆனால் விக்னராஜா அதை வாங்கின விதத்தில் அது பேரடியாக மாறியது. அந்தப் பெடியன் மெல்லத் தள்ள, இவன் றிங்கின் அந்தத் தலைப்புவரைக்கும் பறந்து போய் விழுந்தான். முதுகு தளத்தில் பட்ட சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. ஒவ்வொரு தரமும் எழும்பிப் போய் அடுத்த அடிக்கு நின்றான். தாவிதே அழகாகத் தெரிந்தான், வீரனாகத் தெரிந்தான். அந்த அழகு முழுவதையும் செய்துகொண்டிருந்தது இவன்.

ஒரு தரம் தலைக்கு மேலே தூக்கி எறியப்பட்டு விழுந்தவன் எழும்பவில்லை. கண் திறந்தபடி கிடந்தான். புனிதமலர் எழும்பி நின்றுவிட்டாள். மனிசர் எப்படிக் கிடந்தால் அது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். முள்ளிவாய்க்காலில் அப்படிக் கிடந்தவர்களைத் தாண்டித்தான் நடந்து வந்தவள். செலஸ்ரீனா அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பின்னாலிருந்தவர்கள் இருக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அப்போது விக்னராஜாவின் இடது கை விரல்கள் மெல்ல அசைந்தன. அவள் இருந்தாள். அவன் எழும்பும்வரைக்கும் அந்த விரல்களையே பார்த்தாள்.

கடைசியில் அவன் தாவிதேயைப் பிடித்து மல்லாக்கப் போட்டு, காலை மடக்கி, மேலே படுத்தான். நடுவர் தளத்தில் மூன்று தரம் தட்டினால் வெற்றி. ஒன்று தட்டினார். இரண்டு தட்டினார். விக்னராஜாவின் கை தாவிதேயின் காலை இறுக்கிப் பிடித்திருந்தது. மூன்றாவது தட்டுக்கு நடுவர் கையை ஓங்கியபோது அந்தக் கை தானாகத் திறந்தது. சனத்தில் ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள், அவள் கண்டாள். பெடியன் துள்ளி எழும்பி, சுற்றிவந்து ஓர் உதை உதைத்தான். சுல்தான் விழுந்தான். மூன்று தட்டும் தட்டியாயிற்று.

எல்லாரும் எழும்பிக் கத்தினார்கள். கறுத்த தொப்பிக்காரர் தாவிதேயைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். விக்னராஜா கயிற்றுக்குக் கீழாக உருண்டு, தலைப்பாகையைக் கையில் பொறுக்கிக்கொண்டு லொறிப் பக்கம் நொண்டி நொண்டிப் போனான். நொண்டுவதும் நடிப்பாக்கும் என்றாள் செலஸ்ரீனா. ஒருவரும் பார்க்காத இடத்துக்குப் போனபிறகும் அவன் நொண்டினான்.

காட்சி முடிந்து சனம் கலைந்தது. கார்மெலோவும் கம்பனிக்காரரும் தாவிதேயும் அவன் தகப்பனும் கடலோரத்துச் சாப்பாட்டுக் கடையொன்றில் போய் இருந்தார்கள். செலஸ்ரீனா தன் சிஞ்ஞோராவுக்கு இராச்சாப்பாடு கொடுக்க வேண்டுமென்று முந்தின பஸ்ஸில் போய்விட்டாள். விக்னராஜாவும் இன்னும் மூன்று பெடியன்களும் றிங்கைக் கழற்றினார்கள். புனிதமலரும் கை கொடுத்தாள். மேலே இருந்த துணியை உருட்டினபோது உள்ளே மெத்தை இருக்குமென்று நினைத்தாள். பாய்த் தடிப்பில் ஒரு ஸ்பொஞ்சு, அதற்குக் கீழே வெறும் பலகை, அதற்கும் கீழே இரும்பு. அவள் பலகையைத் தடவிப் பார்த்தாள். பிறகு அதன் ஒரு நுனியைத் தூக்கினாள்.

கடையிலிருந்து கம்பனிக்காரர் எழும்பி வந்து விக்னராஜாவோடு ஆங்கிலத்தில் சில வார்த்தை கதைத்தார். விக்னராஜா சிரித்தான். அவர் அவன் முதுகில் தட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அது அவன் விழுந்த முதுகு. அவன் முகம் சுளித்ததை அவர் காணவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் வைத்துத்தான் அவள் வாய் திறந்தாள்.

"நீங்களே கையை விட்டியள். நான் கண்டனான்."

அவன் மறுக்கவில்லை. கம்பனிக்காரர் வந்தபடியால் கார்மெலோ கடைசி நேரத்தில் மாத்திப்போட்டார், பெடியன் வெல்லுறதுதான் எல்லாருக்கும் நல்லது என்றான். வந்தவர் என்ன சொன்னவர் என்று கேட்டாள். வயதைக் கேட்டாராம், பிறகு என்ன பாஸ்போட் என்று கேட்டாராம். சிறிலங்கா என்றதும் அந்தக் கதையை விட்டுவிட்டாராம். ஆனால் இவ்வளவு நல்லாய் விழுகிற ஆளைத் தான் கண்டது குறைவு, இனிக் கம்பனிக்குக் காட்டப் படம் பிடிக்கிற பெடியன்கள் எல்லாரையும் உன்னோடுதான் மோத விடச் சொல்லப் போகிறேன் என்றாராம். அதைச் சொல்லும்போது அவன் குரலில் உண்மையாகவே ஒரு பெருமை இருந்தது. அவளை நோகடித்தது அந்தப் பெருமைதான்.

"அவர் கேக்க முதல் உங்களுக்குத் தெரியாதோ, எடுக்கமாட்டினம் எண்டு?"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். "முதல் வருசமே தெரியும்."

"அப்ப லண்டன், லண்டன் எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"நீ முகாமுக்குள்ளை இருந்தாய் மலர். வேறை என்னத்தைச் சொல்லுறது?"

பஸ் வரவில்லை. அவன் தானாகவே மற்றதையும் சொன்னான். 2009இல் அவளிடமிருந்து ஒரு சத்தமும் வராத மாதங்கள் இருந்தனவே, அப்போதுதான் கார்மெலோ அவனை முதன்முதல் றிங்குக்குள் கூப்பிட்டது.

"ஆராவது தூக்கி எறிஞ்சால்தான் அண்டைக்கு நித்திரை வந்தது. பிறகு அது பழகிப் போச்சு."

அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அங்கே தான் பட்டதில் எதிலிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. கோபப்படலாம் என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. ஐந்து வருசம் அவள் கண்ணுக்கு முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த லண்டன் அந்தத் தரிப்பிடத்திலேயே இல்லாமல் போயிற்று. அதற்குப் பதிலாக வைக்க அவனிடமும் ஒன்றுமில்லை, அவளிடமும் இல்லை. பஸ் வந்தது. அவனுக்கு ஏறக் கஷ்டமாக இருந்தது. பின்னாலிருந்து தாங்கி ஏற்றிவிட்டாள்.

மாரி தொடங்க தாவிதே இங்கிலாந்துக்குப் போனான். பிறகும் ஒவ்வொரு மாதமும் விக்னராஜா ஆரோ ஒரு பெடியனுக்குத் தோற்றான். புனிதமலர் லிபெர்த்தாவில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். காட்சி பார்க்க மறுபடி போகவில்லை. அடுத்த வருசம் சித்திரையில் புதுப் பெடியன் ஒருத்தன் பிழையாகத் தூக்கி எறிந்ததில் விக்னராஜாவின் வலது தோள் கழன்றது. மூட்டு திரும்ப ஏறினாலும் அந்தக் கை தலைக்கு மேலே போவதில்லை. காலையில் சட்டையை அவள்தான் போட்டுவிட வேண்டும். கோப்பை கழுவுகிற வேலையும் பாதி நேரமாகச் சுருங்கியது. கார்மெலோ பழங்களோடு வந்து பார்த்து, கண் கலங்கி, அவனைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். ஆடி மாதம் சுல்தானின் தலைப்பாகையை வங்காளதேசத்துக்காரன் ஒருத்தனுக்குக் கட்டிவிட்டார்கள் என்று செலஸ்ரீனா மூலம் கதை வந்தது. அவன் சரியாக விழத் தெரியாதவனாம்.

விக்னராஜா அதைக் கேட்டுத் தோளைத் தடவிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிலின் மெத்தை தோளுக்கு நோகுதென்று நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பான். ஆவணியில் ஒரு மத்தியானம், வெயிலுக்கு யன்னலைச் சாத்தியும் வெக்கை தாங்காமல் அவள் பக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டிருந்தாள். காட்சி முடிந்து ஒரு வருசம் ஆகியும், அது எப்படி இருந்தது என்று அவன் அவளைக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டான்.

"நீ வந்து பாத்தாயெல்லோ. நான் நல்லாச் செய்தனானோ?"

"ஓம். வடிவா விழுந்தியள்" என்றாள்.

அது அவனுக்குப் போதுமாயிருந்தது. கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்தபடி நித்திரையானான். அவள் விசிறுவதை நிறுத்தவில்லை. திங்கட்கிழமைக்குத் தோய்த்துப்போட்ட அவனுடைய சட்டை காய்ந்திருக்கும், எழும்பிப் போய் எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். எழும்பவில்லை.