திரையில் வராத மாப்பிள்ளை

"உள்ள போயிரு கண்ணு. நல்ல காரியத்துக்கு வர்றாங்க" என்று மகளை உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினாள் சாரதாமணி. கதவுக்கு அந்தப் பக்கம் முன்னறையில் அண்ணன் ராஜவேலின் திருமணத் தகவல் மையம். இந்தப் பக்கம் யாழினியும் ஒரு கம்ப்யூட்டரும்.

பனியன் கம்பெனி வேன் கவிழ்ந்து யாழினியின் கணவன் இறந்து மூன்று வருடமாகிறது. வரன் தேடி வருகிறவர்கள் அவள் முகத்தில் விழிக்கக் கூடாது. ஆனால் அவர்களுக்கு வரன் தேடிக் கொடுப்பது அவள் கைதான். அபசகுனம் முகத்தோடு நின்றுவிடும்போல, கைக்கு இறங்குவதில்லை.

அண்ணன் எக்ஸெல் தாள்களோடு மல்லாடுவதைப் பார்த்து, செல்போன் வீடியோக்களில் அவளே டேட்டாபேஸ் கற்றுக்கொண்டிருந்தாள். 'செலக்ட்' என்றால் என்ன வேண்டும், 'ஃப்ரம்' என்றால் எந்த டேபிளிலிருந்து, அதாவது எந்தப் பட்டியலிலிருந்து, 'வேர்' என்றால் எப்படிப்பட்டவர். மூன்றையும் கோத்தால் ஒரு குவெரி, கம்ப்யூட்டரிடம் கேட்கும் கேள்வி. கேட்டது வந்து நிற்கும். அந்த வீட்டில் அவள் கேட்டதற்கு முகம் கோணாமல் பதில் சொன்னது அது ஒன்றுதான். அந்தத் தைரியத்தில் ஒரு மத்தியானம் பெண்களின் வரிசையில் தன் பெயரையும் சேர்த்துவிட்டாள். மறுபடி வாழ வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது.

போன மாதம் ராஜவேல் சொன்னான். "தொணைய எழந்தவங்க யாரும் வரக்கூடாதுன்னு கண்டிஷன் போட்டுரு. பார்ட்டிக மொகம் சுளிக்கறாங்க."

தன்னைத் தானே மறைக்கும் அந்த வரியை அவள் எழுதினாள். முன்னறைத் திரையில் யார் எதைத் தேடினாலும் அந்த வரி வடிகட்டிய பிறகுதான் வரும்.

இன்று வந்தவர் மங்கலத்துத் தறிக்காரர் அர்த்தநாரி. மனைவி இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை.

"ஏனுங்க தம்பி, பதிஞ்சு இத்தன நாளாச்சு. ஒருத்தரும் கூப்புடலீங்களே?"

ராஜவேல் தேடினான். பெயர் இல்லை. மறுபடி தட்டினான், அப்போதும் இல்லை. எழுந்து உள்ளறைக்கு வந்து பல்லைக் கடித்தான்.

"அவரு பேர எங்க தொலைச்ச?"

யாழினி வரியைப் பார்த்தாள். புதிதாகக் கற்பவர்கள் செய்கிற பிழைதான். ஆண், பெண் என்று பிரிக்காமல் மொத்த டேபிளுக்கும் கண்டிஷன் போட்டிருந்தாள்.

"நீங்க சொன்னதத்தானுங்கண்ணா எழுதுனேன். அவரும் தொணைய எழந்தவருதான?"

"அவரு ஆம்பள. அவரை யாரு அதுல சேத்தச் சொன்னா? பொம்பளைகளுக்கு மட்டும் போடு."

ஊர் வாய்விட்டுச் சொல்லாமலே காலகாலமாக நடத்திவந்த விஷயம். இந்தப் பெட்டிக்கு மட்டும் அதை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. யாழினி கீபோர்டை இழுத்துக்கொண்டாள். கண்டிஷனையே மொத்தமாக அழித்துச் சேமித்தாள்.

அர்த்தநாரி திரைக்கு வந்தார். கூடவே கணவனை இழந்த சில பெண்களும் வந்தார்கள். யாழினியும் வந்தாள். தங்கையின் பெயரைப் பார்த்ததும் ராஜவேலின் முகம் கறுத்தது.

"எடு அத."

"அழிச்ச வரியத் திரும்பப் போட்டு, பொம்பளைன்னு ஒரு வார்த்த சேத்துனாப் போதுமுங்கண்ணா. அத உங்க கையால நீங்களே எழுதிக்கோங்க."

நாற்காலியை அவனுக்கு விட்டுவிட்டுக் கதவைத் திறந்து முன்னறைக்குப் போனாள். சாரதாமணி வாயைப் பொத்திக்கொண்டாள். அர்த்தநாரி நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க பேரு வந்துருச்சுங்க" என்றாள் யாழினி.

"இத்தன நாளா எங்கீங்க போச்சு?"

"தொணைய எழந்த எங்களோடதானுங்க கெடந்துச்சு."