தேன்பெட்டிக்கு வந்த காவல்

என் தம்பி குணசேகரனுக்கு ஊரில் பெயர் ‘கேமரா’ குணா. குன்றாண்டார்கோவில் கடைவீதியில் கண்காணிப்புக் கேமரா கடை வைத்திருக்கிறான். அவன் பேச்சைக் கேட்டால் ராணுவமே அவனிடம் யோசனை கேட்டுத்தான் எல்லையில் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். அவன் கடைப் பூட்டு மழைக்கு முன்பே துருப்பிடித்துக் கிடப்பது வேறு கதை.

எனக்குத் தென்னந்தோப்பும் அதற்குள் தேன்பெட்டிகளும்தான் பிழைப்பு. வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார்; இங்கே நானும் மகள் இலக்கியாவும்தான். ஒரே ஒரு பெட்டியை வாங்கி, அந்தக் கூட்டத்தைப் பிரித்துப் பிரித்துத் தோப்பு நிறையப் பெருக்கியவள் நான்தான். கொட்டு வாங்கி வீங்கிய முகத்தோடு கல்யாண வீட்டுக்குப் போய்ச் சிரிப்பு வாங்கியவளும் நான்தான்.

போன மாசம் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், ஒரு தாங்கி மொட்டையாக நிற்கிறது. மேலே இருந்த பெட்டியைக் காணோம். பட்டப்பகலில் எடுத்திருக்கிறான் அறிவுகெட்டவன். மேயப் போயிருந்த தேனீக்களெல்லாம் திரும்பி வந்து வெறும் தாங்கியைச் சுற்றிக்கொண்டிருந்தன. பொழுது சாயும்வரை சுற்றின.

போலீசில் போய்ச் சொன்னால், “திருடு போனது எத்தனை தேனீம்மா? அடையாளம் காட்டுவீங்களா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். நல்லா இருக்கட்டும்.

சேதி தெரிந்ததும் தம்பி ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

“அக்கா, நான் எதுக்கு இருக்கேன்? கேமரா மாட்டிட்டா ஒரு பய இங்கிட்டு எட்டிப் பாக்க மாட்டான்” என்றான். மாட்டினான். மாட்டிய கையோடு படம் எடுத்து, ‘தேன்பெட்டிக்கும் பாதுகாப்பு’ என்று பெரிய பிளெக்ஸ் அடித்துக் கடை வாசலில் கட்டினான். அதில் என் முகம் வேறு, என்னைக் கேட்காமலே.

அடுத்த வாரம் கேமராவுக்கு நேர் கீழே இருந்த பெட்டி போய்விட்டது. கேமராவில் பார்த்தால் தென்னை மட்டை ஆடுகிறது, ஆடுகிறது, ஆடிக்கொண்டே இருக்கிறது. “ஒரு கேமரா பத்தாதுக்கா” என்றான் தம்பி, வெட்கமே இல்லாமல்.

போனது தாய்க்கூட்டம். மற்ற பெட்டி அத்தனையும் அதிலிருந்து பிரிந்தவை. அது உயிரோடு என் தோப்புக்குத் திரும்ப வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் இதற்கென்று ஒரு வழி இருக்கிறது. கருப்பர் கோவில் வாசலில் நின்று, பறிகொடுத்ததைச் சொல்லிக் காசை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டு வந்தால் போதும். எடுத்தவன் வம்சத்தைக் கருப்பர் பார்த்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை காசு வெட்டப் போகிறேன் என்று டீக்கடை முன்னால் நின்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்.

சாயங்காலமே தம்பி பெண்டாட்டி சிவரஞ்சனி வந்துவிட்டாள். நிறைமாசம். மூச்சு வாங்க வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, காசு மட்டும் வெட்டிராதீங்க.”

“நான் திருடனுக்குத்தானே வெட்டுறேன்? ஒனக்கென்னடி?”

அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு அழுதாள். எனக்குப் புரிந்துவிட்டது. அட பாவி! அக்கா தோப்பிலேயே களவாண்டு, அக்காவுக்கே காவல் போட்டு, அதைக் காட்டி ஊருக்கெல்லாம் கேமரா விற்கப் பார்த்திருக்கிறான். அந்த வீரனுக்குத் தன் கேமராமேல் இல்லாத பயம் கருப்பர்மேல் இருந்திருக்கிறது.

“எங்கடி வச்சிருக்கான்?”

“எனக்குத் தெரியாதுண்ணி. நாளைக்குக் கொண்டாந்துருவாங்க. வெட்ட மாட்டேன்னு சொல்லுங்கண்ணி.”

“பெட்டி வந்துட்டா வெட்ட மாட்டேன். ஒன் வயித்துப் புள்ள மேல சத்தியம்” என்றேன்.

மறுநாள் உச்சி வெயிலில் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினான். இரண்டு பெட்டியும் இருந்தன. தேனீ போய்வரும் வாசலில் பழைய துணியைத் திணித்து, மேலே டேப் சுற்றியிருந்தான்.

“எடுத்த அன்னைக்கு அடைச்சதுக்கா. மோட்டார் ரூமுலதான் வச்சிருந்தேன். ஒரு ஈ வெளிய போகல, அவ்ளோ பத்திரம்” என்றான்.

தகரக் கூரை போட்ட ரூம். இரண்டு மூடியையும் திறந்தேன். நாற்றம் குப்பென்று அடித்தது. அடைகள் உருகிச் சரிந்து கிடந்தன. அடியில் கைப்பிடி கைப்பிடியாகச் செத்த தேனீ. தாய்க்கூட்டத்தின் நடுவில் ராணி. அதை விரலில் எடுத்தபோது என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, “ஈ போனாப் போகுதுக்கா, வேற வாங்கிக்கலாம். பெட்டி வந்துருச்சுல்ல? சத்தியம் பண்ணிருக்க. காசு வெட்ட மாட்டல்ல?” என்றான்.

“வெட்ட மாட்டேன்.”

அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான்.

“வைகாசியில இலக்கியாவுக்குக் காதுகுத்து வச்சிருக்கேன்ல?” என்றேன்.

“ஆமாக்கா. தாய்மாமன் நான் சீரெல்லாம் ஜோரா செய்வேன்.”

“நீ வர வேண்டாம். எம்மக ஒன் மடியில ஒக்கார மாட்டா.”

காலரிலிருந்து கை இறங்கியது. “என்னக்கா சொல்ற? கூடப் பொறந்த தாய்மாமன் நான் ஒருத்தன் இருக்கேன். வேற எவன் மடியில ஒக்கார வைப்ப? ஏன்னு ஊரே கேக்கும்க்கா!”

“கேக்கட்டும். சொல்றேன்.”

அவன் ஆட்டோ நிழலில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, செத்ததுகளைப் புதைக்கக் குழி வெட்டப் போனேன்.