சுவரில் மாட்டாத சங்கிலி

கேஸ் பாதுகாப்பு ஆய்வாளர் ஹிலரி ப்ளெவின் போன் செய்தபோது நான் வேனில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன்.

"டெஸ்மண்ட் ஓர்மராட்தானே? செப்டம்பர்ல கெர்ஷா வீட்டுல கேஸ் அடுப்பு வெச்சது நீங்கதானே?"

"ஆமா மேடம்."

"அது பத்து நாள் முந்தி முன்பக்கமா சாஞ்சிருச்சு. அவங்க பொண்ணு மேல கொதிக்கிற தண்ணி கொட்டிருச்சு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அந்த வீட்டுக்கு வந்துடுங்க."

எப்படிச் சாய்ந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் பர்ன்லி என்ற ஊரில் இருபத்திரண்டு வருடமாகக் கேஸ் வேலை பார்க்கிறேன். கெர்ஷா வீடு மேட்டுத் தெருவில், வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய கல் வீடுகளில் ஒன்று. அன்று ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தேன். மீட்டரில் அளவியை மாட்டி இரண்டு நிமிடம் பார்த்தேன். அழுத்தம் துளியும் இறங்கவில்லை. அடுப்பின் குழாயைச் சுவரில் இருந்த இணைப்பில் செருகித் திருகி, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தேன். ரசமட்டம் வைத்து நான்கு கால்களையும் சமன் செய்தேன். ஒவ்வொரு பர்னரையும் ஏற்றி, ஊதி அணைத்தேன். சுடர் போனதும் கேஸ் தானாக நின்றது.

மிச்சம் இருந்தது சங்கிலி. இப்படி ஓவனோடு சேர்ந்து தனியாக நிற்கும் அடுப்பின் முதுகில் ஒரு சின்னச் சங்கிலி தொங்கும். அதன் கொக்கியைச் சுவரில் பதித்த இரும்பு வளையத்தில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால், திறந்த ஓவன் கதவின் மேல் யாராவது ஏறினால் அடுப்பு மொத்தமும் முன்னால் கவிழும். பெரியவர்கள் ஏற மாட்டார்கள். குழந்தைகள் ஏறும்.

சுவரில் துளை போட்டேன். நூறு வருடத்துச் சாந்து பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. திருகாணிக்கான பிளாஸ்டிக் ஆப்பு பிடிக்காமல் உள்ளே சுற்றியது. அதை வெளியே இழுத்தபோது முஷ்டி அளவு சாந்தும் சேர்ந்து வந்தது. உள்ளே கல்வரைக்கும் துளைக்க நீளமான டிரில் பிட் வேண்டும், வேனில் இல்லை. வெள்ளிக்கிழமை, மணி நாலரை. திங்கட்கிழமை வந்து முடித்துக்கொள்ளலாம் என்று வளையத்தைப் பைக்குள் போட்டு, அடுப்பைச் சுவரோடு தள்ளினேன். படிவத்தில் 'சங்கிலி மாட்டப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

வீட்டுக்கார அம்மா லோர்னா டீயை நீட்டி, "எல்லாம் பத்திரமா இருக்கா டெஸ்?" என்று கேட்டாள்.

"மலை மாதிரி நிக்கும்," என்றேன்.

திங்கட்கிழமை ஒரு வீட்டில் பாய்லர் நின்றுபோனது. செவ்வாய்க்கிழமை இன்னொன்று. பிறகு மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். தள்ளிப்போட்டேன்.

மறுநாள் மழை. கதவைத் திறந்தது கெய்த், லோர்னாவின் புருஷன், பஸ் டிப்போவில் மெக்கானிக். அடிப்பான் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"வாங்க டெஸ். உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. உள்ள வந்து பாருங்க, யாரு பண்ணின வேலைன்னு தெரியும்."

சமையலறையில் அடுப்பை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். ஹிலரி மண்டியிட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜ் ஓரமாக லோர்னா நின்றாள். அவள் காலடியில் ஒரு துணிப்பை, மேலே சின்னச் சின்ன இரவு உடுப்புகள். கெய்த் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போவதற்காக அவள் மடித்து வைத்தவை.

அவர்கள் மகள் ஐவிக்கு மூன்று வயது. பானையில் என்ன வேகிறது என்று பார்க்க ஓவன் கதவைத் திறந்து ஏறியிருக்கிறாள். உருளைக்கிழங்கு வெந்த தண்ணீர் முழுவதும் தோளிலும் முதுகிலும் கொட்டியிருக்கிறது. மான்செஸ்டர் ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு தடவை ஒட்ட வேண்டுமாம்.

"இந்த ஓட்டையப் பாருங்க மேடம்," என்று கெய்த் சுவரைக் காட்டினான். "வளையம் இங்கதான் இருந்திருக்கு. மகாராணி பின்னாடி சுத்தம் பண்றேன்னு கொக்கியக் கழட்டாமலே இழுத்திருக்கா. சுவரோட பேத்துக்கிட்டு வந்திருச்சு."

"அப்படியா லோர்னா?"

"இழுத்தேன்," என்றாள் லோர்னா. "பட்டாணி கொட்டிப் பின்னாடி உருண்டு போயிருச்சு. சங்கிலி தொங்கறதப் பாத்தேன். அது எங்க மாட்டியிருக்கணும்னு யோசிக்கவே இல்ல."

"வளையம் எங்க போச்சு?"

"குப்பையோட அள்ளிக் கொட்டியிருப்பேன். கீழ சாந்து நிறையக் கிடந்துச்சு."

அந்தச் சாந்தைக் கூட்டாமல் விட்டுப்போனவன் நான்.

"டிப்போல கேக்கறானுங்க," என்றான் கெய்த். "உன் பொண்டாட்டி பொம்பளையா, பொக்லைனான்னு."

"போதும் கெய்த்." ஹிலரி என் பக்கம் திரும்பினார். "டெஸ்மண்ட், வளையத்த எங்க பதிச்சீங்க?"

நான் விரலை நீட்டினேன், அந்த ஓட்டையை நோக்கி. ஹிலரி குனிந்து எழுதிக்கொண்டார்.

அளவு நாடாவை எடுக்க அவர் காருக்குப் போனார். கெய்த் வாசலில் நின்று சிகரெட் பற்றவைத்தான். நானும் லோர்னாவும் மட்டும் இருந்தோம்.

"டெஸ், ஒண்ணு கேக்கட்டா? நான் லேசாத்தான் இழுத்த மாதிரி ஞாபகம். லேசா இழுத்தாலே வந்துருமா அது?"

ஒழுங்காகக் கல்லில் பதித்த வளையத்தை இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தாலும் அசைக்க முடியாது. இந்த ஊரில் அது தெரிந்தவர்கள் என்னைப் போல நாலு பேர்தான்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"செவ்வாய்க்கிழமை குழந்தைகள் நல அதிகாரி வராங்க. ஐவி எங்க அத்தை வீட்டுல வளரட்டும், என்கிட்ட விட்டா ஆபத்துன்னு கெய்த் எழுதி வெச்சிருக்கான். நானும் கையெழுத்துப் போடப்போறேன். அவன் சொல்றது சரிதானே? என்னை நம்பி எப்படி விடறது?" மூக்கைக் கையால் துடைத்துக்கொண்டாள். "லேசா இழுத்தேன்னு நெனைச்சுக்கிட்டா மனசு ஆறும்னு நானே கதை கட்டறேனோ என்னமோ."

கேஸ் வேலைக்கான என் பதிவு போகும். வழக்கு வரும், ஜெயில்கூட வரலாம். ராத்திரி முழுக்க இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருந்தால் எதுவும் வராது. ஹிலரியின் தாளில் எல்லாம் எனக்குச் சாதகமாக ஏறியாகிவிட்டது.

"கையெழுத்துப் போடாதீங்க," என்றேன்.

"ஏன்?"

"வளையமே கிடையாது. நான் மாட்டல."

அவளுக்குப் புரியவில்லை. "பின்ன அந்த ஓட்டை?"

"நான் டிரில் போட்டப்ப உடைஞ்சது. நீங்க இழுக்கறதுக்கு முன்னாடியே அது இருந்துச்சு. சாந்தும் என்னோடதுதான். திங்கட்கிழமை வந்து சரி பண்ணலாம்னு போனேன். வரல."

லோர்னா வாசல் பக்கம் திரும்பிக் கத்தினாள். "கெய்த்! மேடம்! ரெண்டு பேரும் உள்ள வாங்க!"

அவர்கள் வந்ததும் என்னிடம் சொன்னாள்: "இப்ப எங்கிட்ட சொன்னத மறுபடி சொல்லுங்க. ஒரு வார்த்தை குறையக் கூடாது."

சொன்னேன்.

"படிவத்துல டிக் போட்டது?" என்றார் ஹிலரி.

"நான்தான்."

முன்பு எழுதியதை அவர் ஒரே கோட்டில் அடித்தார். "மத்தியானம் எங்க ஆபீசுக்கு வந்து எழுத்துல குடுக்கணும். அதுவரைக்கும் எந்த வீட்டு அடுப்பையும் தொடாதீங்க. வக்கீல் இருந்தா கூட்டிட்டு வாங்க."

கெய்த் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் ஃப்ரிட்ஜோடு மோதினான். "நாயே! எம் பொண்ணு முதுகப் பாத்தியாடா நீ? பாத்தியா?"

"அவர விடு," என்றாள் லோர்னா.

அவன் கை தளர்ந்தது. "லோர்னா, எனக்கு எப்படித் தெரியும்? சுவரப் பாத்தா யாரா இருந்தாலும்..."

"பதினோரு நாள் கெய்த். பதினோரு நாளா அவ கட்டிலுக்குப் பக்கத்துல என்னை விடல நீ. அம்மா எங்கன்னு கேட்டாளா?"

அவன் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தான்.

"கேட்டாளா?"

"தினமும்," என்றான்.

அவள் குனிந்து துணிப்பையை எடுத்தாள்.

"இரு, வண்டில கொண்டுபோய் விடறேன்."

"வேணாம். பஸ் இருக்கு."

நான் வாசற்படியை மறித்து நின்றுகொண்டிருந்தேன். மன்னித்துவிடுங்கள் என்று ஏதோ உளறினேன். அதை அவள் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"வழி விடுங்க," என்றாள். "பத்தே முக்கால் பஸ்ஸ விட்டா அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான்."

நகர்ந்தேன். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குடையில்லாமல், தெருச் சரிவில் அவள் ஓடினாள்.