தலைவருக்குத் தொலைபேசியில் ஒப்பாரி

கடல் கடந்த கரும்புத் தீவின் வைப்பாஹுவில், சிப்ரியானோ அக்காவிலி கை கொடுக்காமல் இலோகோஸிலிருந்து வந்து சேர்ந்த இலோகானோக் குடும்பத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதுகொடியக் கரும்பு வெட்டிய மனுஷர், இலோகோஸ் சங்கத்துத் தலைவரான பிறகு சாகும்வரை அந்த நாற்காலியை விட்டு இறங்கவில்லை. விமான நிலையத்துக்கு வண்டி, ஓட்டலில் வேலைக்குச் சிபாரிசு, பிள்ளைக்கு ஞானஸ்நானம், புருஷன் பெண்டாட்டி சண்டை, எதற்கும் அவர்தான். இப்போது சங்க மண்டபத்தில், அன்னாசி நார்ச் சட்டையும் சங்கத்தின் சிவப்புப் பட்டையுமாகப் பெட்டிக்குள் படுத்திருந்தார். செத்தும் தலைவர்தான்!

துணைத்தலைவர் கில்பர்த்தோ மைக்கைப் பிடித்து அழுதுகொண்டிருந்தார். "என்னைக் கூப்பிட்டது யாரு? இவர்! என் மச்சானைக் கூப்பிட்டது யாரு? இவர்! ஊரையே தோள்ல தூக்கிட்டு வந்த மனுஷன்யா!"

முன்வரிசையில் இளைய மகள் நெனித்தா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரையே தூக்கி வந்தவர் ஒருத்தியை மட்டும் இறக்கிவிட்டு வந்திருந்தார். மூத்த மகள் லியோனிலா இன்னும் சொந்த ஊரான பதாக்கில்தான் இருக்கிறாள். குடும்பம் கப்பலேறியபோது, பெற்றோரோடு சேர்த்து அனுமதிக்கும் வயதை அவள் தாண்டிவிட்டாள். அவளை வரவழைக்கத் தனியாகத்தான் குடியேற்ற மனுப்போட வேண்டும். அப்பா முதலில் தன் தம்பிகளுக்குப் போட்டார். பிறகு ஊரார் மனுக்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். "தலைவர் தன் மகளைத்தான் முதல்ல இழுத்தாருன்னு நாலு பேர் பேசக்கூடாது. அவ நம்ம பிள்ளைதானே, பொறுத்துக்குவா." அவளுக்குக் கடைசியில் போட்டபோது ஒரு கட்டளையும் போட்டார். கல்யாணம் செய்தால் வரிசையில் பின்னால் தள்ளிவிடுவார்கள், செய்யாதே. அவள் செய்யவில்லை. காத்திருந்த மெலெசியோவை வேறொருத்தியைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அனுப்பினாள். முறை வர இன்னும் சில மாதம்தான் பாக்கி. அதற்குள் இவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காலையில் வக்கீல் நெனித்தாவிடம் சொல்லியிருந்தார். "மனுப்போட்டவர் போனா மனுவும் போச்சும்மா. கருணை காட்டச் சொல்லி எழுதிப் பாக்கலாம். நம்பிக்கை மட்டும் வைக்காதே." அடக்கம் முடியட்டும், அக்காவிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். கோழைத்தனம்தான், வேறென்ன?

கில்பர்த்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தார். "தங்கச்சி, ஒப்பாரி இல்லாம நம்ம ஊர் ஆளை அனுப்பக்கூடாது. இங்க எவளுக்குத் தெரியுது? எல்லாம் கரோக்கே கேசு. உங்க அக்கா, மானாங் லியோனிலா அழுதா கல்லும் கரையும்பாங்க. போனைப் போடு, மைக்குக்கிட்ட வைப்போம்."

"வேணாம் அண்ணே. மானாங்குக்கு உடம்பு சரியில்ல."

"அடப் போம்மா! அப்பனுக்கு அழாம வேற யாருக்கு அழப்போறா?"

அவரே அவள் போனை வாங்கி எண்ணை அழுத்தி மைக்கருகில் வைத்தார். அங்கே மறுநாள் மத்தியானம். இரண்டாம் மணியிலேயே லியோனிலா எடுத்தாள். விஷயத்தைக் கேட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள்.

"அப்பா... என் அப்பா... பட்டையெல்லாம் போட்டுட்டாங்களா அப்பா? உன் சனமெல்லாம் வந்திருக்கா?"

மண்டபமே விம்மியது. கில்பர்த்தோ பெருமையாகத் தலையாட்டினார்.

"தம்பியைக் கூப்பிட்டியே அப்பா, தங்கச்சியைக் கூப்பிட்டியே... கோழி திருடுன கில்பர்த்தோவையும் கூப்பிட்டியே... உன் மூத்தவ வாசல்ல நின்னாளே, கண்ணு தெரியலையா அப்பா?"

யாரோ பின்வரிசையில் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். கில்பர்த்தோவின் முகம் சுருங்கிப்போனது.

"பொறுத்துக்கன்னு சொன்னே, பொறுத்துக்கிட்டேன். கட்டிக்காதேன்னு சொன்னே, மெலெசியோவை அனுப்பிட்டேன். அவன் பேரப்பிள்ளை எங்க வாசல்லதான் விளையாடுது அப்பா. என் மடியில எதுவும் இல்ல. நேத்து பாதிரியார் வந்து சொல்லிட்டாரு, நீ போனா என் மனுவும் போச்சாம். உன்கூடவே அதையும் புதைக்கப்போறாங்க அப்பா. பெட்டியில இடம் இருக்கா?"

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது! நெனித்தா சொல்லியிருக்க வேண்டியதைப் பாதிரியார் முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

"நிறுத்து, நிறுத்து, மானம் போகுது" என்று கில்பர்த்தோ போனை எடுக்கக் கை நீட்டினார். நெனித்தா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "அழச் சொன்னது நீங்கதானே? கேளுங்க."

ஒப்பாரி முடிகிற இடம் எல்லாருக்கும் தெரியும். செத்தவரைப் பார்த்து, என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று கதறி முடிக்க வேண்டும். வயதான பெண்கள் அதற்காக கைக்குட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

"எல்லாரும் கடைசியில என்னையும் கூட்டிட்டுப் போன்னு கேப்பாங்க அப்பா. நான் கேக்க மாட்டேன். இத்தனை வருஷமா அதையேதான் கேட்டேன். நீ போ."

அவ்வளவுதான். எழுந்து நிற்பதா, உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் கூட்டம் விழித்தது. "சரி சரி, சாப்பாடு ஆறுது, வாங்க" என்று கில்பர்த்தோ குரல் கொடுத்ததும் எல்லாரும் அவசரமாக எழுந்தார்கள்.

நெனித்தா போனைக் காதில் வைத்துக்கொண்டாள். "மானாங்... நானே சொல்லணும்னுதான்..."

"விடு. நல்லா அழுதேனா?" என்றாள் லியோனிலா. "உங்க சங்கத்துக்குப் போதுமா?"