துண்டுக்கடியில் முடிந்த விலை

துலுக்கானத்தின் வலக்கைக்குக் கம்பவுண்டர் கங்காதரன் சொன்ன விலை பன்னிரண்டு ரூபாய், ராஜா தலை போட்ட வெள்ளியாக. கிழட்டு எருமையே அதற்கு மேல் போகும். மாட்டுத் தரகன் துலுக்கானம் வாழ்க்கையில் முதல் முறையாகப் பேரம் பேசாமல் தலையாட்டினான்.

ஐப்பசி மழையில் வாதம் தாக்கி விழுந்த கை, தை பிறந்தும் எழுந்திருக்கவில்லை. சந்தையில் விலையை வாயால் சொல்கிறவன் தரகனே இல்லை. துண்டுக்கடியில் இருவரும் கையை விட்டு, விரலைப் பிடித்துக் கேட்பார்கள், மடக்கிக் குறைப்பார்கள். உள்ளங்கையை அழுத்தினால் முடிந்தது. இடக்கையை நீட்டினால் ஒருவனும் தொடமாட்டான். அந்தக் கை எழுந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

பூந்தமல்லியில் கங்காதரன் வீட்டுக் கூடத்தில் ஒரு கரண்டுப் பெட்டி இருந்தது. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் ஏலத்தில் விட்டுப்போனது. பிடியைச் சுற்றினால் கம்பி வழியே மின்சாரம் பாயும். செத்த சதை துள்ளும். தன் கை தவளைபோல் துள்ளுவதைப் பார்க்கத் துலுக்கானத்துக்கே கூச்சமாக இருந்தது. தோள் துண்டை எடுத்து அதன்மேல் போட்டுக்கொண்டான்.

"இன்னா நைனா, மாடு விக்கிறியா?" என்றான் கங்காதரன்.

"நீ சுத்து கம்பவுண்டரே. மாட்ட நான் பாத்துக்கறேன்."

ஒரு நண்பகலில், துண்டுக்கடியில் யாரோ அவன் விரல்களைப் பிடித்தார்கள். சில்லென்ற விரல்கள். நான்கைச் சேர்த்துப் பிடித்தன.

கங்காதரனின் ஒரு கை பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தது. மறு கை ஈரப் பஞ்சைத் துலுக்கானத்தின் தோளில் அழுத்திக்கொண்டிருந்தது. கூடத்தில் வேறு ஆளில்லை.

"நிறுத்து."

பெட்டி நின்றது. விரல்களைப் பிடித்த பிடி விடவில்லை.

பயப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் விலை கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் கையை இழுத்துக்கொள்வது அவனுக்குப் பழக்கமில்லை. நான்கா, அநியாயம் என்று செத்த கை தானாகவே ஒரு விரலை மடக்கியது. எதிர்க்கை சற்று யோசித்தது. பிறகு மூன்றைப் பிடித்து, உள்ளங்கையை அழுத்தியது. துலுக்கானமும் அழுத்தினான்.

துண்டை விலக்கினால் எதிரே ஒன்றுமில்லை. அவன் விரல்கள் ஐந்தும் சொன்னபடி மடங்கின, விரிந்தன.

"யாராண்ட பேசின அண்ணாத்தே?" கங்காதரனின் குரல் இறங்கியிருந்தது.

"தெர்ல. நாலு கேட்டான். மூணுக்கு முடிச்சிட்டேன்." சொல்லும்போதே கொஞ்சம் பெருமை.

"மூணு இன்னா? ரூபாயா?"

மூன்று என்றால் மூன்று என்ன என்பது சந்தையில் இருவருக்கும் முன்பே தெரிந்திருக்கும். இங்கே துலுக்கானம் கேட்க மறந்திருந்தான்.

பொழுது சாயக் கள்ளிக்குப்பம் வந்து சேர்ந்தான். கையைப் பார்த்து மனைவி வடிவு அழுதாள். மகள்கள் இருவரும் ஆளுக்கொரு விரலைப் பிடித்துக்கொள்ள, அவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"இன்னாத்துக்கு மொறைக்கிற? குந்து, துன்னு," என்று வடிவு எல்லாருக்கும் தட்டு வைத்தாள்.

துலுக்கானம் தட்டுகளை எண்ணினான்.

வரவு, கை ஒன்று. கொடுக்க வேண்டியது மூன்று. வீட்டில் இருப்பது நான்கு உயிர். மீதி ஒன்று.